கெபிருங்கியின் கொல்லையில் நின்ற காவலர்

அந்தத் திங்கட்கிழமை காலை காவல் முகாமில் இருந்தவர்கள்: முகாம் தலைவர் தின்கா. கொரில்லாக்களுக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கும் டாக்டர் நாமாரா. யானை எதிர்ப்பட்டால் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்காகத் துப்பாக்கி சுமக்கும் ஒரிஷாபா. தடம் பார்த்துப் போகிறவர்கள் இருவர், பெதுங்காவும் செம்பகாரேயும். மேசைமேல் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் ஒரு கொரில்லாக் குட்டியின் முடி, கொத்தாக.

ஆண்கள் நால்வரும் இடுப்புக்கு மேலே வெற்றுடம்பாக நின்றார்கள். மலைக்குளிரில் ஒரிஷாபாவின் பல் தந்தியடித்தது. டாக்டர் ஒவ்வொருவரின் விரலிடுக்கையும் அக்குளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து முடித்தார்.

"யாருக்கும் இல்ல."

"அப்ப எப்படி டாக்டரம்மா?" தின்கா சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அதுதான் எனக்கும் தெரியணும். இது மனுஷச் சிரங்கு. காட்டுல தானா முளைக்காது. யாரோ ஒருத்தர் உடம்பிலேர்ந்து போயிருக்கு."

கஷேரே என்பது முதுகு நரைத்த பெரிய ஆண் கொரில்லா. அதன் குடும்பத்தில் பன்னிரண்டு பேர். மூன்று வாரமாக அவர்களில் நான்கு பேர் சொறிந்துகொண்டிருந்தார்கள். ஒன்றரை வயதுக் குட்டிக்கு முதுகில் முடியே இல்லை. தோல் சாம்பல் பூத்து வெடித்திருந்தது. தாயின் மேல் தொற்றிக்கொள்ளக் கையில் வலுவில்லாமல் அது இரண்டு முறை கீழே விழுந்ததைப் பெதுங்கா பார்த்திருந்தான்.

"வெள்ளிக்கிழமை மருந்து வந்துரும். ஊசி போட்டா பத்து நாள்ல ஆறும்," என்றார் நாமாரா. "ஆனா வந்த வழி திறந்தே கிடந்தா திரும்பவும் வரும். ரெண்டாவது தடவை அந்தக் குட்டி தாங்காது."

பெதுங்கா தொண்டையைச் செருமினான். "எங்க வீட்டுல எல்லாரும் சோப்புப் போட்டுக் குளிக்கிறவங்க. சோப்பையே பார்க்காத குடிசை எதுன்னு நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்ல."

"சோப்பு நானும் பார்த்திருக்கேன் அண்ணே," என்றான் செம்பகாரே. "உங்க வீட்டு மாடத்துல. காகிதம் பிரிக்காம அப்படியே இருக்கு."

ஒரிஷாபா சிரித்துவிட்டான். தின்கா சிரிக்கவில்லை.

செம்பகாரே, தலைமுறைகளாகக் காட்டுக்குள்ளேயே வாழ்ந்த த்வா இனத்தான். அரசாங்கம் காட்டைத் தேசியப் பூங்காவாக்கி அவர்களை வெளியே அனுப்பியபோது அவனுக்குப் பத்து வயது. அவன் பிறந்த பாறையிடுக்கு இன்றும் உள்ளேதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் போய் உட்கார அவனுக்கு இருக்கிற ஒரே வழி இந்தப் பச்சைச் சீருடை. சீருடை இல்லாத த்வா உள்ளே கால் வைத்தால் அதற்குப் பெயர் திருட்டு வேட்டை. அந்த முகாமில் சீருடை போட்ட த்வா அவன் ஒருவன்தான்.

"வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போகணும்," என்றார் தின்கா. "எங்கேயிருந்து வந்துச்சுன்னு ஒரு வரி எழுதியாகணும். வேற எதுவும் கிடைக்கலேன்னா உன் பேரைத்தான் எழுதணும், செம்பகாரே."

"என் உடம்புல ஒண்ணும் இல்லன்னு இப்பத்தானே சொன்னாங்க சார்."

"உன் வீட்டுல யாருக்காவது இருக்கும். எழுதுறதுக்கு அது போதும்."

செம்பகாரேவுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக, தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. உடம்பில் இல்லாதது எப்படிக் காட்டுக்குள் போயிற்று? அவன் டாக்டரிடம் திரும்பினான்.

"புது உடம்புல ஏறினா எத்தனை நாள்ல வெளியே தெரியும்மா?"

"ஒரு மாசம். முன்னப் பின்ன இருக்கலாம்."

"அப்ப எனக்கு மூணு நாள் குடுங்க சார். மிருகங்க பக்கம் போக மாட்டேன். பழைய படுக்கைகளை மட்டும் பார்க்கிறேன்."

தின்கா திரும்பினார். "ஒரிஷாபா, நீயும் கூடப் போ. இவன் அதுங்க பக்கத்துல போனா எனக்குச் சொல்லணும்."

*

கொரில்லா ஒரே படுக்கையில் இரண்டு நாள் தூங்காது. சாயங்காலமானால் சுற்றியுள்ள செடிகளை மடக்கி, மிதித்து, வட்டமாக ஒன்று போட்டுக்கொள்ளும். விடிந்தால் விட்டுவிட்டுப் போய்விடும். குட்டிகள் தாயோடு. பெதுங்கா தினமும் இந்தப் படுக்கைகளை எண்ணி நோட்டில் எழுதுவான். செம்பகாரேவுக்கு எழுத்து வராது. அவன் அந்த நோட்டைக் காலால் படித்தான், பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு.

ஐந்து நாள் பழசான படுக்கையில் இலைகளின் ஓரம் சுருண்டிருந்தது. நடுவில் முடி, உள்ளங்கை நிறைய. கூடவே தவிட்டைப் போல வெள்ளைச் செதில். ஒன்பதாம் நாள் படுக்கையில் முடி கொஞ்சம் குறைவு. அவன் குனிந்து குனிந்து போனான். ஒரிஷாபா துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டே பின்னால் வந்தான்.

"ஏம்ப்பா, சாணியை மோந்து பார்த்தே அது பேரு ஊரெல்லாம் சொல்லிருவியாமே?"

"பேரு சொல்ல மாட்டேன். நேத்து நீ யார் வீட்டுல சாப்பிட்டேன்னு வேணும்னா சொல்றேன்."

"வேண்டாம்ப்பா. எனக்குக் குடும்பம் இருக்கு."

செவ்வாய்க்கிழமை முடியும்போது அவர்கள் பதினெட்டாம் நாள் படுக்கைகளுக்கு வந்திருந்தார்கள். இலைகள் பழுத்து மண்ணோடு ஒட்டியிருந்தன. பத்து படுக்கைகளையும் கிளறிய பிறகு, குட்டியின் தாய் படுத்ததில் மட்டும் நாலைந்து முடியும் ஒரு செதிலும் கிடைத்தன. பத்தொன்பதாம் நாள் படுக்கைகள் சுத்தம். இருபதும் சுத்தம்.

"முடிஞ்சு போச்சா?" என்றான் ஒரிஷாபா.

"இங்கேதான் வெளியே தெரிய ஆரம்பிச்சிருக்கு. ஏறினது இதுக்கும் ஒரு மாசம் முன்னாடி."

"ஒரு மாசம் முன்னாடி இதுங்க எங்கே இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

"பெதுங்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்ப நான் தங்கச்சி புருஷனைப் புதைக்கப் போயிருந்தேன்."

ஆனால் பெதுங்காவிடம் கேட்க அவனுக்கு மனமில்லை. புதன்கிழமை முழுவதும் நடந்தான். பழைய படுக்கைகளில் இப்போது இலையே இல்லை. மடக்கிய தண்டுகளிலிருந்து புதுத் துளிர் நேராக மேலே கிளம்பியிருந்தது. தரையில் படுத்த தண்டு, வானம் பார்த்த துளிர், வட்டமாக. அதைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது போதும். அந்த வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, பூங்காவின் எல்லைக்கல்லையும் தாண்டி வெளியே போயின.

வெளியே கெபிருங்கியின் கொல்லை. பாதியில் உருளைக்கிழங்கு, பாதியில் சோளம்.

கொல்லையின் நடுவே ஒரு வனக்காவலர் நின்றுகொண்டிருந்தார். ஒரிஷாபா பழக்க தோஷத்தில் கையை உயர்த்திச் சல்யூட் அடித்துவிட்டான். அப்புறம்தான் தலை இருக்கவேண்டிய இடத்தில் கவிழ்த்த சுரைக்குடுக்கை இருப்பது தெரிந்தது.

"பொம்மைய்யா!"

"நல்லவேளை, அது திருப்பி அடிக்கல," என்றான் செம்பகாரே. ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தது பொம்மையின் காலடியை. கம்பு நட்ட இடத்தைச் சுற்றிச் சோளத்தட்டைகள் மடங்கி, வட்டமாக அமுங்கியிருந்தன. பெரிய வட்டம் ஒன்று. அதற்குப் பக்கத்தில், பொம்மையின் வலது கைக்கு நேர்கீழே, இன்னொன்று. சட்டையின் அந்தக் கை மட்டும் நூல் நூலாகக் கடித்து இழுக்கப்பட்டிருந்தது.

"இது என்னப்பா, பொம்மைக்கே படுக்கை போட்டுக் குடுத்திருக்கு?"

செம்பகாரே குனிந்து அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தான். இருபது வருடத்தில் இப்படி ஒன்றை அவன் பார்த்ததில்லை. கொரில்லா பொம்மையைப் பார்த்தால் ஒதுங்கும், அல்லது பிடுங்கி எறியும். பொம்மையின் காலடியில் படுத்துத் தூங்காது.

*

கெபிருங்கி மண்வெட்டியோடு வந்தாள். பச்சைச் சட்டைகளைக் கண்டதும் அவளுக்கு வாய் திறந்துகொண்டது.

"வாங்கய்யா வாங்க! என் கிழங்கெல்லாம் தின்னு தீர்த்தப்புறம் கணக்கெடுக்க வந்தீங்களா? உங்க மாமனார் வீட்டு ஆளுங்க மாதிரி மூணு நாள் டேரா போட்டுச்சுங்க. மணி அடிச்சேன், தகரம் தட்டினேன். பெருசு திரும்பி ஒரு பார்வை பார்த்துச்சு. நான்தான் ஓடினேன்."

"பொம்மைக்குப் பயப்படலியாக்கா?" என்று கேட்டான் செம்பகாரே.

"அதைத்தான் கேக்கிறேன்! வேற பொம்மைன்னா பயப்படும். போன வருஷம் என் பழைய பாவாடையைக் கட்டி வெச்சேன், எட்டிக்கூடப் பார்க்கல. இந்த வருஷம் சர்க்கார் சட்டை போட்டா இன்னும் பயப்படும்னு நினைச்சேன். பெருசு நேரா வந்துச்சு, ஒரு தடவை உர்ருன்னுச்சு, முதுகைக் காட்டி உக்காந்துருச்சு. குட்டி இவன் கையைப் பிடிச்சு ஊஞ்சலாடுது. உங்க ஆளு, நோட்டுல எழுதுறவன், அதோ அந்த மரத்தடியில நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தான்."

செம்பகாரேவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

கஷேரேயின் குடும்பத்தை மனிதர்களுக்குப் பழக்க இரண்டு வருடம் ஆயிற்று. தினமும் அதே பச்சைத் துணி. தினமும் தொண்டையில் அதே உறுமல். எதிரே உட்கார்ந்து இலையை மெல்லுவது, கண்ணைத் தாழ்த்திக்கொள்வது. எழுநூறு நாள் இப்படிச் செய்து காவலர்கள் அதற்கு ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்: இந்தத் துணி உன்னை ஒன்றும் செய்யாது. காட்டைச் சுற்றி இருக்கிற அத்தனை துணியிலும் அது பயப்படாத ஒரே துணி இது. கெபிருங்கி அதைத் தேடி எடுத்துப் பொம்மைக்குப் போட்டிருக்கிறாள்.

"சட்டையை எப்போ மாட்டினீங்க அக்கா?"

"நான் எங்கே மாட்டினேன்? அது ராத்திரியில என் வீட்டுக்காரரோடது, பகல்ல இவனோடது. காவலுக்குப் படுக்கிறப்ப குளிருதுன்னு அவர் போட்டுக்குவாரு. விடிஞ்சதும் திரும்ப மாட்டி விட்டுருவாரு. இன்னிக்குக் காலையிலகூட அப்படித்தான்." சொல்லிக்கொண்டே அவள் விரலிடுக்கைச் சொறிந்தாள். மணிக்கட்டிலும் சின்னச் சின்னத் தடிப்புகள்.

"வீட்டுல எல்லாருக்கும் இருக்கா அக்கா, இது?"

"இது பொறாமை பிடிச்சவ கண்ணு. பக்கத்துக் கொல்லைக்காரி. நான் பேர் சொல்ல மாட்டேன்."

ஒரிஷாபா இரண்டு அடி பின்னால் நகர்ந்தான்.

செம்பகாரே வாழையிலையைக் கையில் சுற்றிக்கொண்டு பொம்மையின் இடது முழங்கையைத் திருப்பினான். கிழிசல் ஒன்று தைக்கப்பட்டிருந்தது. நூலால் அல்ல, காட்டுக்கொடியின் நாரால், குறுக்குத் தையலாக. அந்தப் பக்கத்தில் அப்படித் தைக்கிறவர்கள் த்வாக்கள் மட்டும்தான். த்வாக்களில் சீருடை வைத்திருந்தவன் ஒருவன்தான். போன வருடம் புதுச் சீருடை கொடுத்தபோது பழையதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஆற்றில் போய்விட்டது என்று சொன்னான். கெபிருங்கியின் கணவனிடம் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கினான். வீட்டில் அப்போது அடுப்பு எரியவில்லை. அவ்வளவுதான்.

ஒரிஷாபா முழங்கையையும் பார்த்தான், அவன் முகத்தையும் பார்த்தான். கெபிருங்கி கிழங்கு எடுத்துவர உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"காலர்ல நம்பர் இருக்கும். வெட்டிரு. முழங்கையையும் சேர்த்து வெட்டிரு. நான் எதையும் பார்க்கல."

"வெட்டினா?"

"யாரோ திருடின சட்டைன்னு எழுதுவாங்க. நீயும் தப்பிச்சே, வழியும் அடைஞ்சுது."

செம்பகாரே கத்தியை எடுத்தான். கையில் வைத்துக்கொண்டே நின்றான். திருடின சட்டை என்றால் ஒரு பொம்மை, ஒரு திருடன். அத்தோடு விஷயம் முடிந்தது. ஆனால் யாரும் திருடவில்லை. அவனேதான் கிழங்குக்கு மாற்றிக்கொண்டான். அவன் மாற்றிக்கொண்டிருந்தால் மற்றவர்கள்? இந்த எல்லை நெடுக எத்தனை கொல்லை, எத்தனை பொம்மை? அந்த மரத்தடியில் நின்று மூன்று நாள் இதையெல்லாம் பார்த்த பெதுங்கா ஏன் வாயே திறக்கவில்லை?

"ஒரிஷாபா, உன் பழைய சட்டை எங்கே?"

ஒரிஷாபா துப்பாக்கியின் வாரைச் சரிசெய்தான். ரொம்ப நேரம் சரிசெய்தான்.

"அப்ப அதையும் தேடணும்," என்று செம்பகாரே கத்தியை உறையில் போட்டான்.

பொம்மையைக் கம்போடு பிடுங்கி, வாழையிலையில் பொதிந்து, தோளில் படாமல் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் யார் செத்தது என்று கேட்டார்கள்.

*

நாமாரா சட்டையின் மடிப்பைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்தார். நுண்ணோக்கிக்குள் பார்த்துவிட்டு, "வந்து பாருங்க," என்றார். செம்பகாரே பார்த்தான். உருண்டையாக, குட்டைக் கால்களோடு ஏதோ ஒன்று அசைந்தது. இவ்வளவு சின்னது. இருநூறு கிலோ மிருகத்தைத் தூங்கவிடாமல் செய்கிறது.

"இதுக்குக் கண்ணு இருக்காம்மா?"

"கிடையாது."

"அப்புறம் எப்படி வழி கண்டுபிடிக்குது?"

"அது ஒண்ணையும் கண்டுபிடிக்கிறதில்ல. நம்மதான் கொண்டுபோய் விடுறோம்."

தின்கா காலரைத் திருப்பி நம்பரைப் படித்தார். "இது உன்னோடது."

"ஆமா சார். கிழங்குக்கு மாத்திக்கிட்டேன். என்னுது மட்டும் இருக்காது. எல்லாக் கொல்லையையும் பார்க்கணும்."

பெதுங்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தின்கா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். நாமாரா அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை மாலைக்குள் எல்லையோரத்துப் பொம்மைகள் எல்லாம் முகாமின் முற்றத்தில் அடுக்கப்பட்டுவிட்டன. பதினேழு. பாவாடை, கோணி, கிழிந்த மழைக்கோட்டு. செம்பகாரேயின் சட்டை போக, மூன்று பச்சைச் சட்டைகள். மூன்றிலும் காலர் வெட்டப்பட்டிருந்தது. ஒன்றில் மார்புப் பைக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குத் துணி வெளுக்காமல் புதிதாகத் தெரிந்தது. முகாம் தலைவர்கள் மஞ்சள் பட்டை தைத்துக்கொள்கிற இடம் அது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எரிக்க மண்ணெண்ணெய் எங்கே என்று தின்கா சத்தம் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஊசி. நாமாரா ஒரு நிபந்தனை போட்டார்.

"யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஊசி அடிச்சா நாளைக்கு அந்தத் துணியைப் பார்த்தாலே ஓடும், இல்லன்னா மேலே பாயும். எல்லாரும் வீட்டுத் துணியில வாங்க."

தின்கா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் வந்தார். செம்பகாரே ஓட்டை விழுந்த நீலக் கம்பளிச் சட்டையில் வந்தான். துணி இல்லாமல் கஷேரே தன்னைத் தெரிந்துகொள்ளுமா? இரவெல்லாம் அவன் யோசித்தது அதைத்தான், வேலையைப் பற்றி அல்ல.

பெரணிகளுக்கு நடுவே கூட்டம் உட்கார்ந்திருந்தது. கஷேரே அவர்களைக் கண்டதும் நான்கு காலில் எழுந்து நின்றது. உதடுகள் உள்ளே மடங்கின. செம்பகாரே மண்டியிட்டு, கண்ணைத் தாழ்த்தி, தொண்டைக்குள் அந்த உறுமலை விட்டான். பதில் இல்லை. மறுபடி விட்டான். கஷேரே அவன்மேல் பாய்ந்து வந்தது. மூன்றடி தூரத்தில் நின்றது. பின்னால் தின்கா கோட்டோடு முட்செடிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. மிருகத்தின் மூச்சு செம்பகாரேயின் நெற்றியில் பட்டது. அது அவன் நீலச் சட்டையை முகர்ந்தது, ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தது. பிறகு உறுமாமலே திரும்பிப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

பொம்மைக்கும் அது முதுகைத்தான் காட்டியது. தெரிந்துகொண்டதா, போகட்டும் என்று விட்டதா, அவனுக்கு விளங்கவில்லை.

நாமாரா ஊசித் துப்பாக்கியை எடுத்து வரிசையாக ஒன்பது பேருக்கு அடித்தார். மிச்சத்துக்கு மறுநாள். கடைசியாகக் குட்டியின் தாய். அது பல்லைக் காட்டிக் கத்தியது, குட்டியை மார்போடு அழுத்திக்கொண்டது. குட்டியின் கை தாயின் முடியைப் பிடித்தது. இந்த முறை விழவில்லை.

*

சாயங்காலம் தின்கா அவனைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் முள் கீறியிருந்தது. நாமாரா வாசலில் நின்று, இவன் இல்லையென்றால் எதுவும் தெரிந்திருக்காது, அதையும் எழுதுங்கள் என்றார். எழுதியிருக்கிறேன் என்றார் தின்கா. அது பொய்யில்லை.

"சீருடையைக் கை மாத்தினா வேலை போகும். விதியை நான் எழுதல."

"தெரியும் சார்."

செம்பகாரே மடித்து வைத்திருந்த பச்சைச் சட்டையையும் கால்சட்டையையும் மேசையில் வைத்தான். பூட்ஸைக் கழற்றினான். மழைக்கோட்டு, தண்ணீர்ப் புட்டி. தின்கா ஒவ்வொன்றையும் அலமாரியில் ஏற்றினார். சிமெண்ட் தரை வெறுங்காலுக்குச் சில்லென்று இருந்தது.

"நாளைக்கு மூணு பேருக்கு ஊசி பாக்கி. யார் வழி காட்டுவா?"

"பெதுங்கா இருக்கான்."

"அவருக்கு நோட்டு மட்டும்தான் தெரியும்."

"அது இனி உன் கவலையில்ல."

செம்பகாரே வாசல்வரை போனான். அங்கே நின்று திரும்பினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவனின் முகம்தான்.

"சார், மஞ்சள் பட்டை போட்ட சட்டைக்கு எத்தனை கூடை கிழங்கு குடுத்தாங்க? எனக்கு ரெண்டுதான் குடுத்தாங்க."

தின்கா வந்து அவன் தோளில் கை வைத்து வெளியே நகர்த்தினார். முரட்டுத்தனமாக அல்ல. பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினார். சாவி உள்ளேயிருந்து இரண்டு சுற்றுச் சுற்றியது.